வானம் பார்க்காத தகடு

ஆலங்காயத்திலிருந்து மலைக்கு ஏறும் பேருந்து பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. அது வழக்கமாக நிற்கும் இடம்தான். ஓட்டுநர் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். எல்லாரும் இறங்கி மரநிழலுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் இறங்கவில்லை. என் மடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பஞ்சில் சுற்றிய ஓர் அலுமினியத் தகடு. விண்வெளியில் அலையும் தூசி வந்து மோதினால் அந்தச் சத்தத்தைக் கேட்டு எண்ணுவதற்கான தகடு.

இன்ஜின் அணைந்த அமைதியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு ‘டிக்’. சூடான இரும்பு ஆறிச் சுருங்கும்போது போடும் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்டு வந்த சத்தம்தான். அன்று மடியில் அந்தப் பெட்டி இருந்ததால் வேறு மாதிரி கேட்டது. எங்கள் கருவி செயற்கைக்கோளில் ஏறி பூமியைச் சுற்றப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வெயிலிலிருந்து பூமியின் நிழலுக்குள் போகும். அப்போது அதுவும் ஆறும், அதுவும் முனகும். தன் முனகலையே தூசி என்று எண்ணி, நல்ல பிள்ளையாகத் தலைமையகத்துக்கு அனுப்பிவைக்கும்.

ஓட்டுநர் ஜன்னல் பக்கம் வந்தார். “இன்னா சார், எறங்கலியா? பொட்டியில இன்னா, முட்டையா?”

“தகடுங்க.”

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். “தகடா? யாருக்கு வைக்கப் போறீங்க?”

செய்வினை இல்லை, செயற்கைக்கோள் என்று நான் விளக்கினேன். அவர் நம்பியது போலத் தலையாட்டினார். வண்டி கிளம்பியபோது என் பக்கத்து இருக்கைக்காரர் பின்னால் போய் நின்றுகொண்டார். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. வழி முழுக்க மனதுக்குள் இன்னொரு தகடு செய்துகொண்டிருந்தேன். அதே உலோகம், அதே தடிமன், அதே பசை. ஆனால் அது பெட்டியின் உள்பக்கம், மூடிக்குக் கீழே, வானத்தைப் பார்க்காமல் இருக்கும். தூசி அதைத் தொடாது. சூடும் குளிரும் மட்டும் தொடும். வெளித்தகடு சொல்வதில் உள்தகடு சொல்வதைக் கழித்தால் மிச்சம்தான் தூசி.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் நித்யா. நான் ஓய்வு பெற்ற பிரிவில் இன்று பொறியாளர். போன வாரம் திருப்பத்தூரில் என் வீட்டுக்கு வந்து, அடுத்த தூசிக் கருவியின் படத்தை மேசையில் விரித்தாள். “எடை கூடுது சார். உங்க காலத்துலேர்ந்து ஒரு மூடின உணரி வந்துகினே கீது. அது ஒண்ணுமே பிடிக்கிறதில்ல. அத்த எடுத்துடலாம்னு மீட்டிங்ல பேசறாங்க. அது ஏன் சார் வந்துச்சு?” என்று கேட்டாள். ஏன் என்று அறிக்கைகளில் இல்லை. அறிக்கைகளில் எழுத முடியாத காரணம் அது.

என் படிப்பையும் பயிற்சியையும் ஒரே வரியில் முடித்துவிடலாம்: வேலூரில் படித்தேன், வெளியூரில் கம்பிக்கு ஈயப் பற்றாசு வைக்கக் கற்றேன், விரலில் வடு இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைக்கு அனுப்பினார்கள். அங்கே எங்கள் சோதனை நிலையம் என்பது ஒரு கொட்டகை, ஒரு சமையலறை, ஒரு கொடிக்கம்பம். மலையைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் அறிவு இருந்தது. ரயில் இல்லை, லாரி இல்லை. தகட்டுக்குக் காது கூர்மை. கீழே சமவெளியில் வைத்தால் ஊர் முழுக்க விண்தூசி கொட்டுவதாகச் சொல்லும்.

கருவி எளிமையானது. தகட்டின் முதுகில் ஒரு சிறு படிகம் ஒட்டியிருக்கும். தகடு அதிர்ந்தால் படிகம் மின்சாரம் தரும். அதைப் பெருக்கி, ‘எண்ணி’ என்று நாங்கள் சொல்லும் எண் காட்டும் பெட்டிக்கு அனுப்பினால் அதில் ஒரு எண் நகரும். எவ்வளவு அடிக்கு நகர்கிறது என்று தெரிய வேண்டாமா? அதற்குத் துல்லியமான கண்ணாடி மணிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்தோம். அவை சென்னைத் துறைமுகத்தில் சுங்கத்துறையிடம் மாட்டிக்கொண்டன. மணி என்றால் நகையா என்று கேட்டு ஒரு கடிதம், நகையில்லை என்றால் என்ன என்று கேட்டு இன்னொரு கடிதம். காத்திருந்து அலுத்துப்போய்ச் சாமைக்கு மாறினோம்.

மலையில் சாமைக்குப் பஞ்சமில்லை. அதைத் திரிகையில் உடைத்து, குருணையை மெல்லிய துணியில் சலித்து, துணியில் தங்குவதை மறுபடி சலித்து, ஒரே அளவான குருணையை டப்பாவில் அடைப்போம். பிறகு ஈரமில்லாத ஒற்றை மயிர்த் தூரிகையின் நுனியில் ஒரே ஒரு குருணையைத் தொட்டு எடுக்க வேண்டும். கண்ணாடிக் குழாயின் வாயில் பிடித்து, தூரிகைக் காம்பை விரலால் லேசாகத் தட்ட வேண்டும். மூச்சு விடக்கூடாது, விட்டால் குருணை பறந்து மேலதிகாரி சட்டையில் உட்காரும். விண்தூசி மிகச் சிறியது, வேகமோ பயங்கரம். குருணை அதைவிடப் பல மடங்கு பெரியது, ஆனால் விரல்கடை உயரத்திலிருந்து மெதுவாக விழுகிறது. தகட்டுக்கு இரண்டு அடியும் ஒன்றுதான். பிரபஞ்சத்தின் வேகத்தைச் சாமையால் அளந்தோம் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அளந்தோம்.

ஒரு மாதக் கடைசியில் கருவியின் கூர்மை திடீரென்று கூடியது. ஒவ்வொரு குருணைக்கும் எண்ணி துள்ளியது. நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். குருணை வெள்ளையாக இருந்தது. சமையலறைக்கு ஓடினேன். அங்கே சமைத்துக்கொண்டிருந்தவர் மலைக்காரரான பொன்னம்மா.

“டப்பாவுல இருந்த சாமைக் குருணை எங்கக்கா?”

“அதுவா? நல்லா சலிச்சி வேற வெச்சிருந்தீங்க. உப்புமா கிண்டிட்டேன். நேத்து காலைல நீங்கதான் ரெண்டாவது தபா கேட்டு வாங்கித் துன்னீங்க.”

“டப்பாவுல கீறது?”

“அரிசிக் குருணை. எடுத்த அளவுக்கு அளந்து போட்டுட்டேன். நான் இன்னா திருடியா?”

கூடியது கருவியின் கூர்மை இல்லை, குருணையின் கனம் என்று மேலதிகாரி கோதண்டபாணி சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதற்குள் ‘உணர்திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்’ என்று தலைமையகத்துக்கு எழுதிவிட்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். “முன்னேறினத எப்படிய்யா திருப்பி எடுக்கறது? அடுத்த மாசம் மெதுவா எறக்கிக்கலாம்” என்றார்.

அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோதண்டபாணி சார் யாரிடமும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. கலசப்பாக்கத்து நெல் வியாபாரக் குடும்பம்; கேட்டவுடன் விலை சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பார். கண்ணாடி பைக்குள் போனால் பார்க்கப் போவதில்லை. கையில் வைத்திருந்தால் யோசிக்கிறார். திரும்ப மூக்கில் ஏறினால் கையெழுத்துப் போடப் போகிறார். புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் கருவியைக் கற்றுத்தருவதற்கு முன் இதைத்தான் கற்றுத்தருவோம்.

அவருக்கு ஒரே ஒரு துன்பம் இருந்தது. நிலையத்தில் கருவி ஒழுங்காக வேலை செய்தால் எண்ணிக்கை சுழியாக இருக்க வேண்டும். பூமியின் காற்றைத் தாண்டி, கொட்டகையைத் தாண்டி, கருவியை மூடியிருக்கும் கண்ணாடி ஜாடியைத் தாண்டி எந்த விண்தூசியும் வராது. எங்கள் வெற்றி என்பது சுழி. ஆனால் அவர் வேலை பார்த்த துறையில் சுழிக்கு மரியாதை கிடையாது. தினமும் காலையில் கேட்பார்:

“எண்ணிக்கை இன்னா?”

“சுழி சார்.”

“நேத்தும் அதானே?”

“ஆமாம் சார். அதான் சார் சரி.”

“சரிதான்யா. மாசாமாசம் சுழின்னு எழுதி அனுப்பறவன் நானு. அவன் அங்க இன்னா நெனைப்பான், நான் இங்க தூங்கறேன்னு நெனைக்க மாட்டான்?”

இப்படிப்பட்டவரிடம் போய், இன்னொரு தகடு வேண்டும், அது எதையும் பிடிக்காது, பிடிக்காமல் இருப்பதே அதன் வேலை என்று சொன்னேன். பேருந்துக் கதையையும் சொன்னேன். கண்ணாடி உடனே பைக்குள் போனது. சும்மா விடவில்லை நான். பழைய ஆய்விதழ்க் கட்டுகளைப் பிரித்துத் தேடினேன். வெளிநாட்டுக்காரர்கள் முன்பே இதே மாதிரி தகடுகளை அனுப்பி, பூமியைச் சுற்றிப் பெரிய தூசி மண்டலமே இருப்பதாக அறிவித்து, பிறகு அதில் பெரும்பகுதி கருவியின் முனகல் என்று தெரிந்து ஓசைப்படாமல் வாபஸ் வாங்கியிருந்தார்கள். என் கண்டுபிடிப்பு என்னைவிடச் சற்றே இளையது என்று தெரிந்து ஒரு நாள் வருத்தப்பட்டேன். மறுநாள் அந்தப் பக்கத்தை அவர் மேசையில் வைத்தேன்.

படித்தார். “அது அவங்க ஊருத் தகடு. குளிருல வளந்தது. நம்மது வெயில் பழகின தகடு.”

“சார், அலுமினியம் எந்த ஊர்லயும்...”

“தெரியும்யா. வெளையாட்டுக்குச் சொன்னேன்.” கண்ணாடி கையில் இருந்தது. பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு படத்தை எடுத்தார். “ஒனக்கு எடம் குடுக்கலாம். எடை? மிச்சம் இருந்த எடைய இது துன்னுட்டுது.”

அது பித்தளைப் பெயர்ப் பலகையின் படம். கருவி உருவாகக் காரணமான குழுவின் தலைவர், உறுப்பினர்கள், உறுப்பினர்களை நியமித்தவர்கள் எல்லாருடைய பெயரும் பொறித்து, பெட்டியின் உள்பக்கம் திருகி மேலே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அங்கே அதை யார் படிப்பார்கள் என்று உத்தரவில் இல்லை. பலகையின் எடையும் என் மூடிய தகட்டின் எடையும் ஏறத்தாழ ஒன்று. ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும். தகடு இறங்கினால், மேலே போன நாளிலிருந்து பொய் எண்ணிக்கை வரும். அதைப் பொய் என்று நிரூபிக்க எங்களிடம் எதுவும் இருக்காது. என் கவலை அதுதான். கோதண்டபாணி சார் கவலை வேறு. பொய்யோ மெய்யோ, எண் என்று ஒன்று வரும். அது வருகிற அன்று அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பது அவருக்கே தெரியவில்லை. இதை அவர் சொல்லவில்லை. கண்ணாடி மூன்று நாள் கையிலேயே இருந்தது.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை என்று எங்கள் ஃபிட்டர் ஜமால் பாய்க்குத் தெரியும். வாணியம்பாடிக்காரர், எந்த உலோகத்தையும் பேசவைப்பார். அவரிடம் கெஞ்சி இரண்டாவது தகட்டைச் செய்து வாங்கி, மாதிரிப் பெட்டிக்குள் மூடிக்குக் கீழே பொருத்திவிட்டேன். “அரே தம்பி, குருட்டுத் தகடு, செவிட்டு ஆபீசரு. நடுவுல நீ இன்னாத்துக்கு ஓடிகினு கீற?” என்றார். திருகுகளை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தார்.

கருவியைப் பார்வையிட அந்தக் குழு வந்த நாள் நல்ல வெயில். ஜீப்பிலிருந்து தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் இறங்கினார்கள். முதலில் தேன் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். பிறகு சாப்பாடு. அதன் பிறகு கொட்டகை. கண்ணாடி ஜாடிக்குள், காற்றை இறைத்தெடுத்த வெற்றிடத்தில் எங்கள் பெட்டி இருந்தது. எண்ணியில் சுழி.

“ஓடலியா?” என்றார் தலைவர்.

“ஓடுதுங்க. தூசி இல்ல” என்றார் கோதண்டபாணி சார்.

“தூசி இல்லாத எடத்துல வெச்சிட்டு, தூசிக் கருவி ஓடுதுன்னா எப்படிங்க?”

தனியாக வைத்திருந்த தகட்டின் மேல் நான் குருணையைப் போட்டுக் காட்டினேன். எண்ணி நகர்ந்தது. தலைவருக்குத் திருப்தியில்லை. “இது உப்புமா. நான் கேக்கறது மேலேர்ந்து வர்றத.”

கோதண்டபாணி சார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு கூரைக் கதவின் கயிற்றை இழுத்தார். அது வெயில் சோதனைக்காக நாங்கள் வைத்திருந்த கதவு. வெயில் சரிந்து ஜாடி மேல் விழுந்தது. தகடு சூடேறியது. கொஞ்ச நேரத்தில் மலைக்குப் பின்னாலிருந்து ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது.

எண்ணி நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. தொடர்ந்து இரண்டு.

“வந்துடுச்சுபா” என்றார் தலைவர், பேருந்தைப் பார்த்தவர் போல. உறுப்பினர்கள் கூரை வழியாக வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

மாதக்கணக்கில் சுழி எழுதிய மனிதர் முன்னால் எண்கள் தாமாக வந்து நின்றன. அவர் என்னைப் பார்த்தார். நிறுத்து என்றும் எடுத்துக்கொள்ளலாம், செய் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இளவயது, நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். எண்ணியின் கம்பியைப் பிடுங்கி மூடிய தகட்டில் செருகினேன். அதுவும் அதே மாதிரி எண்ணிக்கொண்டிருந்தது.

“இது எது?”

“உள்ள கீற தகடுங்க. மூடி வெச்சது.”

“மூடினதுக்குள்ள தூசி எப்படிப் போச்சு?”

“போவலைங்க.”

இளைய உறுப்பினர் மெதுவாகக் கேட்டார்: “அப்ப முதல்ல வந்தது?”

“அதுவும் வரலைங்க. மேகம் வந்துச்சு, தகடு ஆறுச்சு. அவ்ளோதான்.”

தலைவர் முகம் மாறியது. “ரெண்டு தகடு, ரெண்டும் பொய். இத்தயா மேல அனுப்பப் போறீங்க? செயற்கைக்கோள்ல இந்த எடத்துக்கு வேற பிரிவு காத்துகினு கீது, தெரியும்ல?”

அந்த நிமிடத்தில் எங்கள் கருவி செத்துவிட்டது என்றே நினைத்தேன். கோதண்டபாணி சார் கண்ணாடியை மூக்கில் மாட்டினார்.

“ஒரு சாட்சி பொய் சொன்னா கண்டுபிடிக்க முடியாதுங்க. அதான் ரெண்டாவது. ரெண்டும் சேந்து கத்துனா தள்ளிடுவோம். வெளில கீறது மட்டும் கத்துனா எழுதிக்குவோம். இது நம்ம நிலையத்தோட யோசனைங்க.”

அது என் யோசனை, வார்த்தைகூட என்னுடையது. போகட்டும், அன்று அதைவிடச் சந்தோஷமாக நான் எதையும் பறிகொடுத்ததில்லை.

தலைவர் யோசித்தார். “எடை?”

“பெயர்ப் பலகைய விட்டுட்டா...” என்று ஆரம்பித்தார் இவர்.

“அது மேலிடத்து உத்தரவு” என்று முடித்தார் அவர்.

நான்தான் குறுக்கே விழுந்தேன். “பேரையெல்லாம் அந்த மூடின தகட்டு மேலயே பொறிச்சிடலாம் சார். தனிப் பலகை வேணாம். வெயில் படாது, தூசி படாது. எழுத்து மங்கவே மங்காது.”

தலைவர் இதை நெடுநேரம் மனதில் உருட்டினார். வெளித்தகடு சிதைந்துபோகும், உள்தகடு சிதையாது. “அப்ப பாதுகாப்பான தகடுன்னா அதான்?”

“அதாங்க.”

“என் பேரு மொதல்ல வரணும்.”

இப்படித்தான் நம் கருவிகளில் மூடிய தகடு ஏறியது. நித்யா, இதை எந்த அறிக்கையில் எழுதுவது?

பிறகு ஒரு சிக்கல். இரண்டு தகடும் அச்சாக ஒன்றுபோல் இருந்தால்தான் கழித்தல் சரியாக வரும். ஒன்றில் செதுக்கினால் மற்றதிலும் செதுக்க வேண்டும். ஜமால் பாய் பெயர்களை இரண்டு தகட்டின் முதுகிலும் ஒரே ஆழத்தில் செதுக்கினார். “தலைவர் பேரு ரயில் மாதிரி கீது. இனிஷியலோட நிறுத்திக்கலாமா?” என்றார்.

“நீளமா இருக்கட்டும் பாய். செதுக்கச் செதுக்க எடை கொறையுது.”

அவர் உளியை நிறுத்தி என்னைப் பார்த்தார். தராசில் நாங்கள் இன்னும் ஒரு துளி அதிகம். எடை குறைய வேண்டுமானால் இன்னும் பெயர்கள் வேண்டும். குழுவில் பெயர்கள் தீர்ந்துவிட்டன. ஜமால் பாய் தன் பெயரைச் செதுக்கினார். என் பெயரைச் செதுக்கினார். முள் இன்னும் நிற்கவில்லை. பொன்னம்மா என்று செதுக்கினார். அந்த ‘ம்மா’வில் முள் நடுவுக்கு வந்தது. சமையலறையில் போய்ச் சொன்னேன். “மேல போவுதா? அங்க போய் யாருக்கு ஆக்கிப் போடறதாம்?” என்றார் பொன்னம்மா.

கருவி மேலே போனது. ஒவ்வொரு சுற்றிலும், வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும்போதெல்லாம், இரண்டு தகடும் சேர்ந்து முனகின. அத்தனை பெரிய மனிதர்களின் பெயரும் மூடிய பெட்டிக்குள் ஒருமிக்க முனகிக்கொண்டே பூமியைச் சுற்றின. மொத்த எண்ணிக்கை பிரமாதமாக இருந்தது. தலைமையகத்திலிருந்து தொலைபேசியில் அந்த மொத்தத்தையே கேட்டார்கள்; அறிவிக்கத் தேதிகூடக் குறித்துவிட்டார்கள். நான் கழித்துப் பார்த்த தாளை எடுத்துக்கொண்டு கோதண்டபாணி சாரிடம் போனேன்.

“எண்ணிக்கை இன்னா?”

சொன்னேன். இரண்டு கை விரல்களுக்குள் அடங்குகிற எண்.

வாழ்நாளெல்லாம் பெரிய எண்ணுக்கு ஏங்கியவர். அந்தப் பக்கம் மேசையில் அது தயாராக இருந்தது, தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டு. கண்ணாடி கையில் சுற்றியது. பை வரைக்கும் போனது. பிறகு மெல்ல மூக்கில் ஏறியது. என் தாளை இழுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“சுழி இல்லல்ல?” என்றார்.

“இல்ல சார்.”

“போதும், போ.”

அந்த ஆண்டு பதவி உயர்வு வேறொரு பிரிவுக்குப் போனது. அவர்கள் கருவி நிறைய எண்ணியதாம்.

இன்று நித்யாவின் கருவிக்குக் காது இல்லை. தூசி வந்து தங்கத் தகட்டில் மோதி ஆவியாகும். அந்த ஆவியைப் பிரித்து, இன்ன தனிமம், இன்ன தனிமம் என்று சொல்லும். நாங்கள் கதவு தட்டிய சத்தத்தை எண்ணினோம். இவர்கள் வந்தவனின் ரத்தத்தைப் பரிசோதிக்கிறார்கள். எனக்குப் பொறாமையில் தூக்கம் வரவில்லை. ஆனால் தங்கமும் வெயில் பட்டால் சும்மா இருக்காது. “பொய்யை எல்லாம் கம்ப்யூட்டர் சலிச்சிடும் சார்” என்கிறாள். எதோடு ஒப்பிட்டுச் சலிக்கும் என்று கேட்டேன். படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். பிறகு, மாதிரிக் கருவியை மலைக்குக் கொண்டுவர அனுமதி வாங்குகிறேன் என்றாள்.

வாங்கிவிட்டாள். வியாழக்கிழமை போகிறோம். கொட்டகை இருக்கிறது, கூரைக் கதவின் கயிறு மட்டும் மாற்ற வேண்டும். மூடிய உணரியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து, மேகத்துக்காகக் காத்திருப்போம். கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பிறகு கம்பியைச் செருகிவிட்டு மறுபடி பார்ப்போம். பொன்னம்மாவின் மகளிடம் சாமைக் குருணைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு டப்பா. ஒன்று, கொட்டகையிலேயே கிடக்கும் என் பழைய மாதிரித் தகட்டுக்கு, ஒன்று உப்புமாவுக்கு.